சங்கிலித்தொடர் இயந்திரங்களில் ஆற்றல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலிக்குண்டு உருண்டு வந்து கட்டையைத் தள்ளும். கட்டை சாய்ந்து நூலை இழுக்கும். நூல் கொக்கியை விடுவிக்க, கொக்கியில் தொங்கிய தண்ணீர் பாட்டில் விழும். கடைசியில் ஒரு மணி அடிக்கும். கையால் ஒரு தட்டுத் தட்டினால் முடிகிற வேலைக்கு இத்தனை சுற்று. கடலூரிலும் புதுச்சேரியிலும் வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்த மாதிரி இயந்திரங்களைச் செய்துவருகிறோம். அங்கே பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எப்படி ஒட்டுவது, எதை எங்கே வைப்பது என்பதைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆற்றல் கணக்கைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் இந்தப் பக்கம் பெரும்பாலும் அதைப் பற்றியது.

முதல் குண்டைத் தட்டிவிடும் விரலின் ஆற்றல்தானே கடைசி மணி வரைக்கும் போய்ச் சேருகிறது?

இல்லை. எல்லோரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள். இதைச் சரிசெய்துகொண்டால் மீதியெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

எண்களை வைத்தே பார்க்கலாம். சாதாரணக் கோலிக்குண்டு சுமார் 5 கிராம் இருக்கும். அது 10 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கினால் கிடைப்பது ஏறத்தாழ 0.005 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அரை மீட்டர் விழுந்தால் கிடைப்பது சுமார் 5 ஜூல். ஆயிரம் மடங்கு. குண்டின் ஆற்றல் மொத்தமும் சிந்தாமல் பாட்டிலுக்குப் போனாலும் இந்த ஆயிரம் மடங்கு எங்கிருந்து வரும்? பாட்டிலை நீங்கள் ஏற்கெனவே உயரத்தில் தூக்கி வைத்திருந்தீர்கள். ஆற்றல் அங்கேயே காத்திருந்தது. குண்டு செய்ததெல்லாம் கொக்கியை விடுவித்ததுதான்.

ஆக, இந்த இயந்திரங்களில் இரண்டு வகைக் கட்டங்கள் உண்டு. ஒன்று, வந்த ஆற்றலையே அடுத்ததற்குக் கைமாற்றுவது: குண்டு குண்டை முட்டுவது, கரண்டியின் ஒரு முனை தாழ மறுமுனை எழுவது. இன்னொன்று, தன்னிடம் முன்பே சேர்ந்திருக்கும் ஆற்றலைத் திறந்துவிடுவது: தொங்கும் பாட்டில், இழுத்து மாட்டிய எலிப்பொறி, ஊதிக் கட்டிய பலூன். முதல் வகையில் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். இரண்டாம் வகையில் புதிதாகக் கிடைக்கும். கைமாற்றும் கட்டங்களை மட்டும் வரிசையாக அடுக்கிவிட்டு, ஆறாவது ஏழாவது கட்டத்தில் இயந்திரம் நின்றுபோகிறது என்று வருகிற பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் கையில் குறையில்லை. இடையில் ஒரு திறந்துவிடும் கட்டத்தை வைத்தால் போதும்.

அப்படியானால் அந்த ஆற்றலை யார் வைத்தது?

நீங்கள்தான், அடுக்கும்போது. ஒவ்வொரு கட்டையை நிமிர்த்தும்போதும், ஒவ்வொரு பாட்டிலைத் தூக்கிக் கட்டும்போதும், எலிப்பொறியின் கம்பியை மடக்கும்போதும் உங்கள் தசை வேலை செய்தது. தசைக்கு அந்த ஆற்றல் காலைச் சாப்பாட்டிலிருந்து வந்தது. ஓர் இட்லி சுமார் 50 கிலோகலோரி, அதாவது இரண்டு லட்சம் ஜூலுக்கும் சற்று மேல். மேசை மேல் அடங்கும் ஓர் இயந்திரத்தில் சேமித்திருப்பது மொத்தமாகப் பத்து, இருபது ஜூல்தான் இருக்கும்.

ரூப் கோல்ட்பர்க் என்பவர் யார்?

அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் (1883–1970). சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, பெர்க்லியில் பொறியியல் படித்து, சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் குடிநீர், கழிவுநீர்த் துறையில் சில மாதங்கள் வேலை பார்த்துவிட்டுப் படம் வரையப் போனார். எளிய வேலைகளுக்குச் சுற்றிவளைத்த இயந்திரங்களை வரைந்ததால் இவ்வகை இயந்திரங்களுக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. 1948-ல் புலிட்சர் பரிசும் பெற்றார், ஆனால் அது ஓர் அரசியல் சித்திரத்துக்காக. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1949-ல் மாணவர்களுக்கிடையே தொடங்கிய இயந்திரப் போட்டி, நடுவில் நின்றுபோய், பிறகு மீண்டு, 1988-ல் தேசியப் போட்டியானது.

அவர் 1931-ல் வரைந்த வாய்துடைக்கும் இயந்திரத்தை ஆற்றல் கண்ணோடு பாருங்கள். சூப் குடிக்கிறவர் கரண்டியை உயர்த்த, நூல் இழுபட்டு ஒரு பிஸ்கட் துண்டு எகிறுகிறது. அதைப் பிடிக்கக் கிளி பாய்கிறது. கிளி உட்கார்ந்திருந்த கம்பு சாய்ந்து, விதைகள் வாளியில் கொட்டுகின்றன. வாளியின் கனம் ஒரு லைட்டரைப் பற்றவைக்கிறது. அது ராக்கெட்டைக் கொளுத்த, ராக்கெட்டில் கட்டிய அரிவாள் ஒரு கயிற்றை அறுக்கிறது. கடைசியில் துணி கட்டிய ஊசல் ஆடி வாயைத் துடைக்கிறது. இதில் கரண்டி தூக்கிய கையின் ஆற்றல் எங்கே வரைக்கும் போனது? பிஸ்கட் வரைக்கும்தான். கிளி தன் தசையைக் கொண்டுவந்தது, விதைகள் தங்கள் உயரத்தைக் கொண்டுவந்தன, ராக்கெட் தன் மருந்தைக் கொண்டுவந்தது, ஊசல் முன்பே ஒருபக்கம் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. பொறியியல் படித்த கை வரைந்தது என்பது இதில் நன்றாகவே தெரிகிறது.

டாமினோக் கட்டையை லேசாகத் தொட்டாலே விழுகிறது. அது எப்படி அடுத்ததைத் தள்ளும் அளவுக்கு வலு பெறுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

48 மி.மீ. உயரமும் 7.5 மி.மீ. கனமும் உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 24 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. அதைச் சாய்க்க வேண்டுமென்றால் முதலில் அடி விளிம்பின் மேல் ஏற்ற வேண்டும். அப்போது மையம் மேலே எழும்புவது 0.3 மி.மீ.தான், ஒரு தபால் அட்டையின் கனம் போல. சுமார் 9 டிகிரி சாய்வைத் தாண்டியதும் அது தானாகவே விழத் தொடங்கும். முழுவதும் படுத்துவிட்டால் மையம் ஏறத்தாழ 20 மி.மீ. கீழே வந்துவிடும். அதாவது 0.3 மி.மீ. ஏற்றச் செலவழித்தால் 20 மி.மீ. இறங்கிய ஆற்றல் வெளியே வருகிறது. கிட்டத்தட்ட 70 மடங்கு. வரிசையில் நிற்கும்போது அடுத்த கட்டை மேல் சாய்ந்து நின்றுவிடுவதால் இது கொஞ்சம் குறையும், உரசலிலும் கொஞ்சம் போகும். ஆனாலும் அடுத்ததைத் தள்ளத் தேவையானதைவிடப் பல மடங்கு மிஞ்சும்.

இந்த மிச்சத்தை வைத்துத்தான் சிறிய கட்டை பெரிய கட்டையைச் சாய்க்கிறது. லோர்ன் ஒயிட்ஹெட் என்ற இயற்பியலாளர் 1983-ல் இதைக் காட்டினார்: ஒவ்வொரு கட்டையும் முந்தியதைவிட எல்லாப் பக்கமும் ஒன்றரை மடங்கு பெரிது. ஒன்றரை மடங்கு என்றால் எடை சுமார் 3.4 மடங்கு, உயரமும் சேர்ந்து கூடுவதால் சேமித்த ஆற்றல் 5 மடங்கு. 5 மி.மீ. உயரக் குச்சியில் தொடங்கினால் 13-வது கட்டை 65 செ.மீ. உயரம் இருக்கும். அதில் நிற்கும் ஆற்றல் முதல் குச்சியில் உள்ளதைப் போல 28 கோடி மடங்கு. குச்சி அதைக் கொடுக்கவில்லை. பெரிய கட்டையை நிமிர்த்தியவர் கொடுத்தார்.

தச்சுப் பட்டறையில் கேட்டால் ப்ளைவுட் துண்டுகளை இந்த அளவுகளில் அறுத்துத் தருவார்கள். ஐந்தாறு கட்டை போதும், பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபட்டுவிடும்.

சின்னக் குண்டு பெரிய குண்டின் மேல் மோதினால் எவ்வளவு ஆற்றல் போய்ச் சேரும்?

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைக் காட்டுவது எளிது. சாயங்காலம் பெத்தாங்க் (இரும்புக் குண்டு எறிந்து ஆடும் பிரெஞ்சு விளையாட்டு) ஆடும் இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 650 முதல் 800 கிராம் வரை எடையுள்ள உள்கூடான இரும்புக் குண்டுகள். கைதேர்ந்த ஒருவர் எதிராளியின் குண்டைக் குறிபார்த்து நேராக அடித்தால், அடித்த குண்டு அதே இடத்தில் சட்டென்று நின்றுவிடும். அடிபட்டது பறக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கரோ என்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை என்பதால் ஆற்றல் கிட்டத்தட்ட முழுவதுமே கைமாறிவிடுகிறது.

எடை மாறினால் கதையே வேறு. கேரம் ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், நேருக்கு நேர் மோதலில் அதிகபட்சம் 75 சதவீதம்தான் காய்க்குப் போகும். மீதியோடு ஸ்ட்ரைக்கர் காயின் பின்னாலேயே நகரும், சில சமயம் அதுவும் குழிக்குள் விழும். 5 கிராம் கோலிக்குண்டு 700 கிராம் பெத்தாங்க் குண்டின் மேல் மோதினால்? சேதாரமே இல்லாத மோதல் என்று வைத்தாலும் 3 சதவீதம்கூடப் போகாது. கோலி திரும்பித் தெறிக்கும்.

இங்கேதான் ஓர் அழகான வழி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குல விட்டமுள்ள இரும்புக் குண்டை வையுங்கள், அது 67 கிராம் இருக்கும். கோலி அதை அடிக்க, அது பெரியதை அடிக்கட்டும். இப்போது கணக்குப் போட்டால் 8 சதவீதம் வருகிறது. ஒரு கட்டம் கூடியிருக்கிறது, ஆனாலும் போய்ச் சேருவது கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. கட்டம் கூடினால் எப்போதும் நஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் செய்து காட்டுவேன். எடை படிப்படியாக ஏற வேண்டும், அதுதான் சூட்சுமம்.

சாய்தளத்தில் உருண்டு வரும் குண்டின் வேகம் கணக்கைவிடக் குறைவாக வருகிறதே?

10 செ.மீ. இறக்கத்துக்கு வழக்கமான சூத்திரம் நொடிக்கு 1.4 மீட்டர் என்று சொல்லும். வழுக்கிக்கொண்டு வரும் பொருளுக்கு அது சரி. குண்டு உருள்கிறது, அப்படியென்றால் சுழலவும் செய்கிறது. கெட்டியான குண்டு உருளும்போது அதன் இயக்க ஆற்றலில் 7-ல் 2 பங்கு சுழற்சியில் இருக்கும். முன்னால் போவதற்கு மீதி 5 பங்குதான், வேகம் 1.2 மீட்டருக்குள் அடங்கிவிடும். டேபிள் டென்னிஸ் பந்து போல உள்ளே வெற்றாக இருந்தால் சுழற்சியின் பங்கு 5-ல் 2 ஆகிவிடும். இரண்டு கம்பிகளை இணையாக வைத்து அவற்றின் மேல் உருட்டினால் பந்து கம்பி இடுக்கில் இறங்கி உருள்வதால் சுழற்சி இன்னும் கூடும், வேகம் இன்னும் குறையும். அந்த ஆற்றல் எங்கேயும் போய்விடவில்லை. குண்டுக்குள்தான் இருக்கிறது, மோதும்போது முழுவதுமாகக் கைமாறாது, அவ்வளவுதான்.

'காணாமல் போன' ஆற்றல் எங்கே போகிறது?

பெரும்பாலும் வெப்பமாக. 'டக்' என்ற சத்தத்தில் போவது மிகக் குறைவு. ஜேம்ஸ் ஜூல் 1840-களில் எடைகளைக் கீழே இறங்கவிட்டு, அவை சுழற்றிய துடுப்புகள் நீரைச் சூடாக்குவதை அளந்து காட்டினார். அவருக்கு அவ்வளவு பொறுமை ஏன் தேவைப்பட்டது என்பது நம் பாட்டிலை வைத்துக் கணக்குப் போட்டால் புரியும்: 5 ஜூலும் அந்த ஒரு லிட்டர் தண்ணீரிலேயே வெப்பமாக இறங்கினாலும் அது ஆயிரத்தில் ஒரு டிகிரி அளவுக்குத்தான் சூடாகும். கை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நெய்வேலி மின்நிலையமும் ஒரு சங்கிலிதானே? அதில் மட்டும் ஏன் கட்டத்துக்குக் கட்டம் குறைகிறது?

கடலூர் மாவட்டத்துப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி. பழுப்பு நிலக்கரி எரிகிறது, தண்ணீர் நீராவியாகிறது, நீராவி டர்பைனைச் சுற்றுகிறது, டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, கம்பி வழியே மின்சாரம் வீட்டுக்கு வருகிறது. 1962-ல் முதல் அலகு ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து அடிப்படை இதேதான். இங்கே எல்லாக் கட்டமும் கைமாற்றும் கட்டம். வழியில் எதுவும் புதிதாக ஆற்றல் சேர்ப்பதில்லை, நிலக்கரியில் இருந்ததுதான் கடைசி வரைக்கும் வர வேண்டும். இத்தகைய அனல் மின்நிலையங்களில் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிர்விக்கும் கோபுரங்கள் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் காற்றுக்குப் போகிறது.

கைமாற்றும் சங்கிலியில் நஷ்டம் கூட்டல் கணக்கில் போகாது, பெருக்கல் கணக்கில் போகும். கட்டத்துக்கு 70 சதவீதம் போய்ச் சேருகிறது என்றால் ஐந்து கட்டம் கடந்ததும் மிஞ்சுவது 17 சதவீதம். அதனால்தான் அங்கே ஒவ்வொரு சதவீதத்துக்கும் பொறியாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். நம் மேசை இயந்திரத்தில் அந்தக் கவலை இல்லை, ஏனென்றால் கட்டத்துக்குக் கட்டம் புதுச் சரக்கு வைத்திருக்கிறோம்.

கடைசிக் கட்டம் முதல் குண்டை மறுபடி மேலே தூக்கிவிடும்படி செய்தால் நிற்காமல் ஓடாதா?

ஓடாது. விழுந்த கட்டையை எழுப்பவும், விழுந்த பாட்டிலைத் தூக்கவும் ஆற்றல் வேண்டும். விழுந்தபோது வந்ததில் ஒரு பங்கு ஏற்கெனவே வெப்பமாகிவிட்டது. மோட்டார் வைத்துத் தூக்கினால் ஓடும், ஆனால் அப்போது ஓட்டுவது மின்சாரம்.

எத்தனை கட்டம் வைக்கலாம்?

ஆற்றல் போதும் என்றாலும் நம்பகம் போதாது. ஒவ்வொரு கட்டமும் நூற்றுக்கு 95 தடவை சரியாக நடக்கும் என்றால், 20 கட்டமும் ஒரே ஓட்டத்தில் நடந்து முடிய 36 சதவீதம்தான் வாய்ப்பு. 99 தடவை என்றால் 82 சதவீதம். அதனால் புதிய கட்டத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் இருக்கிற கட்டங்களில் மிகவும் மோசமானதைத் தேடிப்பிடித்துச் சரிசெய்யுங்கள். திறந்துவிடும் கட்டத்துக்குத் தேவையான தூண்டுதலைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆற்றல் முந்திய கட்டத்திலிருந்து வரும்படி வைத்தால் அது தவறுவது அரிது. முதல் முறையாகச் செய்யும் பிள்ளைகளுக்கு ஏழெட்டுக் கட்டம் தாராளம்.

ரப்பர் பேண்டை முந்தின நாளே இழுத்து மாட்டிவைத்துவிடலாமா?

வேண்டாம். இழுத்தபடியே விட்டால் ரப்பர் தளர்ந்துவிடும், காலையில் நேற்றைய இழுவிசை இருக்காது. இழுக்கும்போது கொடுத்ததில் ஒரு பங்கு எப்படியும் வெப்பமாகப் போய்விடும்: கனமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் அந்தச் சூடு தெரியும். ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும் என்றால் எலிப்பொறியின் எஃகுச் சுருள்தான் நல்லது. அதைவிட நல்லது, உயரத்தில் தொங்கும் எடை. அது எத்தனை நாள் தொங்கினாலும் ஒரு ஜூல்கூடக் குறையாது.

பள்ளியில் ஓடியது, கடற்கரைப் பக்கம் நிகழ்ச்சியில் நின்றுவிட்டது. ஏன்?

ஈரமும் காற்றும். தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் அட்டை சீக்கிரம் தொய்ந்துவிடும், செல்லோ டேப் பிடி விடும், மரக்கட்டை லேசாக உப்பும். சாய்தளத்தை அட்டையில் செய்திருந்தால் நடுவில் குழிந்து குண்டின் உயரத்தைத் தின்றுவிடும். பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பிளந்து பயன்படுத்துங்கள், மழைக்காலத்திலும் அசையாது. பேரிங் குண்டுகளை உப்புக் காற்றில் விட்டால் துரு ஏறி உரசல் கூடும், துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றிவையுங்கள். மத்தியானத்துக்குமேல் கடல்காற்று எழும்பிவிட்டால் டாமினோக் கட்டைகளைக் காற்றே தள்ளிவிடும், அதனால் நிகழ்ச்சியைக் காலையில் வையுங்கள். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியை நிறுத்துங்கள்.

சாமான்கள் எங்கே கிடைக்கும்?

சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு, தச்சுப் பட்டறையில் கட்டைகள், பிளம்பரிடம் மிச்சப் பைப். பழைய குடைக்கம்பி, கப்பி, ஓடாத கடிகாரம் போன்றவற்றுக்குப் புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு நடை போனால் போதும். காசு கொடுத்துச் செட்டாக வாங்காதீர்கள். எதற்கு எவ்வளவு எடை என்று கையில் தூக்கிப் பார்த்துத் தேடுவதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அறிவியல் கண்காட்சிக்கு எப்படித் தயாராவது?

ஆற்றல் கணக்கேடு ஒன்று போடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். கட்டத்துக்கு ஒரு வரி: என்ன வந்தது, எங்கே சேமித்திருந்தது, எவ்வளவு வெளியே போனது, இது கைமாற்றும் கட்டமா திறந்துவிடும் கட்டமா. எடையைச் சமையலறைத் தராசில் எடுங்கள். உயரத்துக்கு ஸ்கேல். வேகத்துக்கு மொபைலில் ஸ்லோ மோஷன்: நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இருந்தால், 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, குண்டு அதைக் கடக்க எத்தனை படம் ஆகிறது என்று எண்ணுங்கள். 24 படம் என்றால் நொடிக்கு ஒரு மீட்டர்.

நடுவர்களாக வரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்ணத்தையும் கட்டங்களின் எண்ணிக்கையையும் மட்டும் பார்க்காதீர்கள். 'இந்த இடத்தில் ஆற்றல் எங்கிருந்து வந்தது?' என்று ஏதாவது ஒரு கட்டத்தைக் காட்டிக் கேளுங்கள். ஐந்தே கட்டத்தை வைத்துக்கொண்டு அதற்குச் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளைக்குப் பரிசு கொடுங்கள்.

மெழுகுவத்தியால் நூலை எரிக்கும் கட்டம் வைக்கலாமா?

பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நின்றால் மட்டும். ஒரு கிராம் மெழுகில் சுமார் 40,000 ஜூல் இருக்கிறது. ஒரு கிலோ எடையை 4 கிலோமீட்டர் உயரம் தூக்கப் போதுமான அளவு அது. உங்கள் இயந்திரத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதன் பக்கத்தில் வராது. நூல் அறுவதற்கு அதில் துளிதான் தேவை, மீதியெல்லாம் காற்றுக்கும் பக்கத்தில் இருக்கும் அட்டைக்கும் போகும். ஆபத்து அங்கேதான். சின்னப் பிள்ளைகளுக்கு அதற்குப் பதில் ஐஸ் கட்டியைச் சொல்வேன். நெம்புகோலின் அடியில் ஒரு கட்டியை முட்டுக்கொடுத்து வையுங்கள். அது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை வாங்கி உருகி, நெம்புகோலைத் தாழவிடும். ஒரு கிராம் உருக 334 ஜூல் வேண்டும் என்பதால் உடனே நடக்காது. மே மாதத்தில் சீக்கிரமும் மார்கழியில் மெதுவாகவும் உருகும், அதனால் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் அதே அறையில், அதே நேரத்தில் ஒருமுறை உருகவிட்டு மணி பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு தட்டு வைக்க மறக்காதீர்கள், தண்ணீர் ஓடி அட்டையை நனைத்துவிடும்.